ரம்பை இலையும் மறுவீட்டுச் சொதியும்

ஆச்சியின் ஒரு சிரங்கைப் பாசிப்பருப்பு 48 கிராம். 2019-ஆம் ஆண்டு தை மாதத்தில், பாளையங்கோட்டை வீட்டின் அடுப்படியில், டப்பாவிலிருந்து அள்ளிய பருப்பை அவர் சட்டியில் போடுவதற்கு முன் கையைப் பிடித்து நிறுத்தி, சென்னையிலிருந்து கொண்டுபோயிருந்த சிறிய மின்தராசின் தட்டில் போடச் சொன்னேன். முதல் சிரங்கை 48, இரண்டாவது 47, மூன்றாவது மறுபடியும் 48. அப்போது அவருக்கு 85 வயது. ஒரு கண்ணில் பார்வை மங்கியிருந்தது. விரல் மூட்டுகள் வீங்கி, மோதிர விரலை முழுவதும் மடக்க முடியாமலிருந்தது. அந்தக் கை பிசகியது ஒரே ஒரு கிராம். "சாப்பிடுத ஆளப் பாத்துப் போடணும்ளா, தராசப் பாத்தா போடுவாங்க?" என்று கேட்டுவிட்டு, மூன்று சிரங்கையையும் கிண்ணத்தில் வழித்துக்கொண்டு கழுவப் போய்விட்டார்.

எங்கள் வீட்டுச் சமையலை எழுதி வைக்கவேண்டும் என்று நான் முடிவுசெய்த பிறகு எடுத்த முதல் குறிப்பு அது. அதற்கு முன்பு இரண்டு வகை எழுத்துகளை நான் நிறையப் படித்திருந்தேன். ஒன்று, "உப்பு தேவையான அளவு, பொன்னிறமாக வதக்கவும், சூடாகப் பரிமாறவும்" என்று முடிந்துவிடும் சமையல் குறிப்பு. யாருடைய தேவை, யாருக்குப் பரிமாறுவது என்பதெல்லாம் அதில் இராது. மற்றொன்று, பாட்டியின் வளையல் ஓசையும் விறகடுப்பின் புகையும் பக்கம் பக்கமாக வரும் நினைவுக் கட்டுரை. படித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனால், அந்தக் குழம்பை வைக்க வழியிருக்காது. குடும்பத்தின் கதையும் சமையல் குறிப்பும் ஒரே கட்டுரையில் அடுத்தடுத்து இருந்தால் மட்டும் போதாது. ஒன்றை மற்றது தாங்கவேண்டும், தேவைப்பட்டால் ஒன்றின் தவற்றை மற்றது திருத்தவும் வேண்டும் என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கிற்று. விளங்கவைத்தது இந்தச் சொதி.

திருநெல்வேலிப் பக்கம் சொதி என்பது திருமணத்தோடு சேர்ந்த உணவு. திருமணத்துக்கு மறுநாள் பெண் வீட்டில் மாப்பிள்ளைக்கும் அவர் வீட்டாருக்கும் நடக்கும் மறுவீட்டு விருந்தில், சாம்பாரின் இடத்தில் சொதி வரும். அதனால்தான் அதற்கு மாப்பிள்ளைச் சொதி என்றும் பெயர். தேங்காய்ப் பாலில் காய்கள் மிதக்க, வெளிர்மஞ்சள் நிறத்தில், பச்சை மிளகாய்க் காரமும் எலுமிச்சைப் புளிப்புமாக இருக்கும். அதனுடன் இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும் இல்லாமல் யாரும் பந்தி போடமாட்டார்கள். தேங்காய்ப் பால் வயிற்றில் மந்தமாக நிற்கும், இஞ்சி அதை இறக்கிவிடும் என்பது ஊரார் சொல்லும் காரணம். மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற சாப்பாடு என்பதால் இதில் சிக்கனத்துக்கு இடமே கிடையாது. ஆறேழு பேருக்கு இரண்டு முற்றிய தேங்காய் என்பது ஊர்க் கணக்கு. குழைய வேகவைத்த பாசிப்பருப்பு, பாலுக்குக் கொஞ்சம் உடல் கொடுக்கும் அளவில், ஒரு சிரங்கை சேரும்.

எங்கள் வீட்டில் ஒரு தேங்காய், மூன்று சிரங்கைப் பருப்பு.

இதில் இருக்கும் வேறுபாட்டை நான் கவனித்ததே இல்லை. பிறந்ததிலிருந்து உண்டது அதுவாக இருந்தால் எப்படிக் கவனிப்பது? ஆச்சியிடம் எழுதிக்கொண்டு வந்த அளவுகளின்படி சென்னையில் சொதி வைத்து, உடன் பணிபுரியும் திருநெல்வேலித் தோழி ஒருத்திக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்கு. ஆனா இது பருப்புக் குழம்பு மாதிரில்லா இருக்கு? சொதி இப்படிக் கட்டியா இருக்காதே" என்றாள். அதோடு, "இதுல என்ன வாசம்? எங்க வீட்டுல இது வராது" என்றும் கேட்டாள். வாசத்துக்கு என்னிடம் உடனே பதில் இருந்தது; இலங்கைச் சமையலில் வாசத்துக்குப் போடும் ரம்பை இலை என்றேன். கட்டியாக இருப்பதற்குப் பதில் இல்லை.

ஆச்சி செய்யும் முறையை இங்கே முழுவதுமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய தேங்காயைத் துருவி, வெந்நீர் தெளித்து அரைத்து, துணியில் பிழிந்து ஒரு டம்ளர் கெட்டியான முதல் பாலைத் தனியே வைக்கவேண்டும். சக்கையில் மறுபடி வெந்நீர் விட்டு ஒன்றரை டம்ளர் இரண்டாம் பால், பிறகு இரண்டு டம்ளர் மூன்றாம் பால். வேறு வீடுகளில் இதோடு சக்கையைக் கொட்டிவிடுவார்கள். ஆச்சி இன்னும் இரண்டரை டம்ளர் வெந்நீரை அதில் ஊற்றி, கால் மணி நேரம் ஊறவைத்து, நாலாம் பால் என்று ஒன்றைப் பிழிவார். பாலென்று சொல்ல முடியாது. அரிசி கழுவிய நீரின் நிறம்தான் இருக்கும். மூன்று சிரங்கைப் பாசிப்பருப்பை வாசம் வரும்வரை வெறும் சட்டியில் வறுத்து, குழைய வேகவைத்து மசித்துக்கொள்ளவேண்டும். பத்துப் பச்சை மிளகாய், விரல் நீள இஞ்சித் துண்டு, அரைத் தேக்கரண்டி சீரகம் ஆகியவற்றை மையாக அரைத்துக்கொள்ளவேண்டும்.

அடிகனமான சட்டியில் தேங்காய் எண்ணெய் விட்டு, இருபது சின்ன உள்ளியையும் பதினைந்து பல் பூண்டையும் முழுதாகவே போட்டு, நிறம் மாறவிடாமல் வதக்கவேண்டும். பொன்னிறமானால் சொதியின் நிறம் கெட்டுவிடும். முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், பச்சைப் பட்டாணி, ஓர் உருளைக்கிழங்கு ஆகியவற்றை அதில் இரண்டு புரட்டுப் புரட்டி, நாலாம் பாலையும் மூன்றாம் பாலையும் ஊற்றி, ஒரு ரம்பை இலையை முடிச்சுப் போட்டு உள்ளே போட்டு வேகவிடவேண்டும். காய் முக்கால் வேக்காடு வந்ததும் அரைத்த விழுது, உப்பு 14 கிராம், மிகச் சிறிதளவு மஞ்சள். பச்சை வாசம் போனதும் பருப்பும் இரண்டாம் பாலும். இது ஒரு கொதி வந்ததும் தீயை நன்றாகக் குறைத்துவிட்டு முதல் பாலை ஊற்றவேண்டும். அதற்குப் பிறகு கொதிக்கவே கூடாது. ஓரத்தில் நுரை கட்டும்போது இறக்கிவிடவேண்டும். தேங்காய்ப் பாலின் கொழுப்பைச் சிறு துளிகளாகப் பிரித்துத் தாங்கிக்கொண்டிருப்பது அதிலுள்ள புரதம். அது சூட்டில் திரண்டுவிட்டால் எண்ணெய் மேலே பிரிந்து மிதக்கும், கீழே திப்பி நிற்கும். கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகுதான் ஓர் எலுமிச்சம்பழத்தின் சாறு. சூட்டோடு பிழிந்தால் அதுவும் பாலைத் திரித்துவிடும்.

இந்தக் குறிப்பை எழுதி முடித்தபோது, இதன் கதை எனக்கு முன்பே தெரியும் என்றுதான் நினைத்தேன். தாத்தா கொழும்பில் புறக்கோட்டையில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் கணக்கெழுதினார். சொதி இலங்கைச் சாப்பாடு. அங்கே இடியாப்பத்துக்கு ஊற்றிக்கொள்வார்கள். தாத்தா அதைக் கற்றுக்கொண்டு வந்து ஆச்சிக்குச் சொல்லிக்கொடுத்தார். 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்து அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வரும்போது கிணற்றடியில் இன்றும் நிற்கிற ரம்பைச் செடியின் தாயை ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். அம்மா எனக்கு இதைத்தான் சொல்லியிருந்தார். சித்தியும் இதையேதான் சொல்வார்.

ஆனால் குறிப்பையும் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டும் பொருந்தவில்லை. இலங்கைச் சொதி நீர்க்க இருக்கும். பருப்பும் இத்தனை காய்களும் அதில் இரா. இஞ்சிப் பச்சடியும் அதற்குத் துணை வராது. எங்கள் வீட்டுச் சொதி இவை அனைத்தும் கொண்ட நெல்லைச் சொதி. அதில் இலங்கையின் இலை ஒன்று மட்டும் இருக்கிறது. ஆச்சியிடம் கேட்டேன். "எங்க சித்தி மறுவீட்டுலயே சொதிதான். எனக்கு அப்ப ஏழு வயசு இருக்கும். ஒங்க தாத்தாவ நான் அப்ப கண்ணாலயா பாத்தேன்?" என்றார். அவருடைய ஏழு வயது என்றால் 1941 வாக்கில். சொதியைத் தாத்தா கொண்டுவரவில்லை.

ஒப்பந்தக் கதையும் நிற்கவில்லை. 1964 அக்டோபர் 30-ஆம் நாள் கையெழுத்தான அந்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் குடிமக்களாக ஏற்பது என்று வகுத்தது. 1948-இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக ஆக்கப்பட்டவர்களைப் பற்றியது அது. அவர்களில் பெரும்பாலோர் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள். அவர்கள் பட்ட துயரத்தோடு ஒப்பிட்டால் என் தாத்தாவினுடையது சிறியது. அவர் இந்தியக் கடவுச்சீட்டோடு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் அனுமதி பெற்றுத் தங்கியிருந்த கடைச் சிப்பந்தி. அந்தக் கடவுச்சீட்டு, அம்மாவின் அக்காளான பெரியம்மையின் தகரப்பெட்டியில் கிடைத்தது. கடைசியாகக் குத்தப்பட்ட முத்திரையில் தனுஷ்கோடி என்ற ஊர்ப்பெயரும் 1963 ஜூலை என்பதும் இன்னும் படிக்க முடிகிறது. அனுமதியை மேற்கொண்டு நீட்டித்துத் தரவில்லை, ஊர் திரும்பிவிட்டார், அவ்வளவுதான்.

அந்த முத்திரையை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து தனுஷ்கோடி வரை ரயிலில் போய், அங்கே கப்பலேறி ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடலைக் கடந்து தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயிலேறிக் கொழும்புக்குப் போவதுதான் தாத்தாவைப் போன்றவர்களின் வழி. அந்த வழித்தடத்துக்கே போட் மெயில் என்று பெயர். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. ஊரை நெருங்கிக்கொண்டிருந்த ரயிலும் பயணிகளோடு கடலில் போயிற்று. தாத்தா நம்மூர் மண்ணில் இறங்கிய துறை அடுத்த ஆண்டில் இல்லை. வீட்டில் யாருக்கும் ஆண்டு நினைவில்லாததால், பின்னால் எல்லோரும் செய்தித்தாளில் படித்த ஒப்பந்தத்தோடு அவருடைய வருகையைச் சேர்த்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். குடும்பக் கதைகள் அப்படித்தான் பெரிய நிகழ்ச்சிகளைப் பற்றிக்கொள்கின்றன. அதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். என் நோட்டில் இரண்டையும் எழுதி, முத்திரையின் நகலையும் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ரம்பை உண்மை. செடி சாட்சியாக நிற்கிறது. ஆனால் ஒரு தேங்காய்க்கும் மூன்று சிரங்கைக்கும் காரணம் இன்னும் கிடைக்கவில்லை. ஆச்சியிடம் எத்தனை முறை கேட்டாலும், "எங்க கை அப்படித்தாம்மா" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் எனக்குக் கைகொடுத்தவை இரண்டு. அம்மாவின் திருமணத்துக்கு வந்த அன்பளிப்புகளில் எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ நூலும் உண்டு. அளவுகளைத் திட்டமாகச் சொல்லித் தமிழ்ப் பெண்கள் பல தலைமுறைக்குக் கைப்பிடித்துக் கற்றுக்கொடுத்த புத்தகம் அது. புதிதாகக் குடித்தனம் தொடங்கும் பெண்ணுக்கு அதைக் கொடுப்பதே ஒரு வழக்கமாக இருந்தது. அதை எழுதியவர் தன்னைப் பற்றி எழுத அதைச் செய்யவில்லை, பிறருக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்தார். அது சரிதான். ஆனால் அதைப் புரட்டும்போதெல்லாம், இந்த அம்மாள் யாருக்காக இதை முதலில் சமைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும்.

மற்றொன்று கூடலூர் கிழாரின் குறுந்தொகைப் பாட்டு, 167-ஆவது. புதிதாக மணமான பெண் கட்டித் தயிரை விரலால் பிசைகிறாள். நெகிழ்ந்த ஆடையைப் பிசைந்த கையாலேயே இறுக்கிக்கொள்கிறாள். தாளிப்புப் புகை மை தீட்டிய கண்ணில் படிகிறது. அவள் துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிது என்று உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. பள்ளியில் படித்தபோது இது கணவன் மனைவி அன்பைப் பற்றிய பாட்டு என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது என் கண்ணில் பட்டது வேறு. இதைச் சொல்பவள் அந்தப் பெண் அல்லள். அவள் குடித்தனத்தைப் போய்ப் பார்த்துவந்த செவிலித்தாய், நற்றாயிடம் சொல்கிறாள். சமைத்தவள் தன் வாயால் புகையைப் பற்றிச் சொல்லமாட்டாள். பக்கத்தில் நின்று பார்த்தவள் ஒருத்திதான் சொல்லவேண்டும். எங்கள் வீட்டு அடுப்படியில் அப்போது பக்கத்தில் நின்றவர் யார் என்று யோசித்தேன். பெரியம்மை. 1963-இல் அவருக்குப் பத்து வயது.

பெரியம்மை உடனே சொன்னார், யாராவது கேட்கட்டும் என்று இத்தனை ஆண்டுகள் காத்திருந்ததைப் போல. தாத்தா வந்து ஒன்றரை ஆண்டு வேலையில்லை. கொழும்பில் சேர்த்ததில் கையோடு கொண்டுவர முடிந்தது கொஞ்சம். ஆச்சியின் தம்பிக்கு ஆற்றுப்பாசனத்தில் சிறிது வயல் இருந்தது; நெல் அறுத்த தரிசில் பாசிப்பயறு விதைப்பார்கள்; அதில் ஒரு மூட்டை ஆண்டுதோறும் அக்காள் வீட்டுக்கு வந்துவிடும். தேங்காயைக் காசு கொடுத்து வாங்கவேண்டும். "நல்ல நாளு பொழுதுன்னா பிள்ளைய சொதி கேக்கும். அம்மை ஒத்தத் தேங்காய வாங்கிட்டு வருவா. நாலு தடவ பிழிவா. தண்ணியா இருந்தா நாங்க மூஞ்சியத் தூக்குவோம்னு பருப்ப அள்ளிப் போடுவா. அப்பவும் தேங்காப்பால் வாசம் வராதுல்லா? அதுக்குத்தான் கிணத்தடில போயி அந்த எலையப் பறிச்சிட்டு வரச் சொல்லுவா. நாந்தான் பறிச்சாருவேன்." 1965, 66-இல் அரிசிக்கே ஊரெங்கும் தட்டுப்பாடு வந்தபோது, சோறில்லாமல் அந்தக் கெட்டிச் சொதியையே கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்த நாள்களும் உண்டு என்றார். "அன்னைக்கு அம்மை சாப்பிட்டாளான்னு நாங்க யாரும் கேட்டதில்ல" என்று சொல்லிவிட்டு, சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி இருந்தார்.

நாலாம் பால், மூன்று சிரங்கை, முடிச்சிட்ட ஓர் இலை. நான் கைப்பக்குவம் என்று எழுதி வைத்திருந்தது, ஐந்து பேர் இருந்த ஒரு வீட்டின் இரண்டு மூன்று ஆண்டுக் கணக்கு. பிற்பாடு தாத்தாவுக்குத் திருநெல்வேலியிலேயே ஒரு கடையில் வேலை கிடைத்தது. வீட்டில் தேங்காய்க்குப் பஞ்சமில்லாமல் ஆயிற்று. ஆனால் அளவு திரும்பவில்லை. மின்தராசு 48 என்று காட்டியபோது அது எந்த எடையைக் காட்டியது என்று அன்று எனக்குத் தெரியாது. பெரியம்மை சொல்லாமலிருந்தால், என் நோட்டில் அது வெறும் "பாசிப்பருப்பு 150 கிராம்" என்று நின்றிருக்கும். அடுத்து வருகிற யாராவது ஒருத்தி, அளவு அதிகம் என்று அதைத் திருத்தியும் இருப்பாள். திருத்தினால் சுவை மேம்படக்கூடும். அதைப் பற்றி எனக்கு மறுப்பில்லை. எதைத் திருத்துகிறோம் என்று தெரிந்து திருத்தவேண்டும், அவ்வளவே.

அந்த ஆண்டு சித்திரையில் மறுபடி ஊருக்குப் போனபோது நானே திருத்தினேன். இரண்டு தேங்காய் வாங்கி, மூன்றாம் பாலோடு நிறுத்தி, ஒரு சிரங்கைப் பருப்பு மட்டும் போட்டு, ரம்பை இல்லாமல், ஆச்சி ஏழு வயதில் சாப்பிட்டிருக்கக்கூடிய சொதியை வைத்தேன். இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்து, இலை போட்டேன். பெரியம்மை ஒரு கரண்டி சொதியோடு நிறுத்திக்கொண்டு, தனக்கு இது பழக்கமில்லை என்றார். ஆச்சி பேசாமல் சாப்பிட்டார். சொதி இலையில் ஓடியதால் சோற்றைக் குழி பறித்துக்கொண்டார். இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். பிறகு கையை இலையிலேயே வைத்துக்கொண்டு, "எங்க அம்மை வச்ச மாதிரி இருக்குளா" என்றார்.

நான் மூன்று நாள் கழித்துக் கிளம்புவதாக இருந்தது. கிளம்புகிற அன்று காலை, வழிக்கு எனக்குப் பிடித்ததைச் செய்து கொடுப்பதாகச் சொல்லி ஆச்சியே அடுப்படிக்குப் போனார். முந்தின நாள் நான் வாங்கிவைத்த தேங்காய்கள் மூன்று மேடையில் இருந்தன. அவற்றில் ஒன்றை எடுத்து உடைத்துவிட்டு, மற்ற இரண்டையும் பரணில் எடுத்து வைக்கச் சொன்னார். பெரியம்மை கிணற்றடிக்குப் போய் இலை பறித்து வந்தார். தராசு மேடை ஓரத்தில் இருந்தது. நான் எதுவும் சொல்லாமலே ஆச்சி அதைத் தன் பக்கம் இழுத்து, பருப்பு டப்பாவைத் திறந்து, மூன்று முறை அள்ளித் தட்டில் போட்டுவிட்டு, எத்தனை என்று கேட்டார்.

143 என்றேன்.